தேங்காய் நார், வாசலின், ஒரு தீக்குச்சி

டாலிகஞ்ச் மைதானத்தில் என் கையில் இருந்த தீப்பெட்டியைச் சரசு வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்று சொல்ல முடியாது. கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவளிடம் உட்கார்ந்திருப்பவள் பையைக் கேட்டு வாங்குவாளே, அந்த மாதிரி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

"மதினி, நீங்க அந்தக் கரும்பை நறுக்குங்க. அடுப்பை நாங்க பாத்துக்கிடுதோம்."

சரசு என் கணவரின் தங்கை. நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொல்கத்தாவின் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் பேர் அந்த மைதானத்தில் கூடுவோம். பொங்கலன்று இங்கே பலருக்கு ஆபீஸ் லீவு கிடையாது என்பதால் சூரியனும் எங்களுக்காக ஞாயிறு வரை காத்திருப்பார். செங்கல் அடுக்கி மூன்று அடுப்பு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மூன்றையும் பற்றவைத்தவள் நான்தான். யாரும் எனக்குப் பதவி கொடுக்கவில்லை. இந்த ஊரில் தை மாதக் காலையில் விறகு வியர்த்துக்கொண்டு கிடக்கும். அதோடு மல்லுக்கட்டுகிற பொறுமை எனக்கு இருந்தது. "செண்பகம் வந்தாச்சா? அப்ப பொங்கினாப்லதான்" என்பார்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான் போனேன். அதற்கு முந்தின பொங்கலுக்குப் போகவில்லை. என் கணவர் இறந்து தலைத்திவசம் அப்போது முடிந்திருக்கவில்லை. இப்போது முடிந்துவிட்டது, இனி எல்லாம் வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டு போனேன். என் நெற்றியும் கழுத்தும் மாறியதற்கும் என் கை தீக்குச்சி உரசுவதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்ததாம். பொங்கல் அடுப்பைச் சுமங்கலிகள்தான் பற்றவைக்க வேண்டுமாம். மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி காகிதத்தைத் திணித்தாள், ஒருத்தி கற்பூரம் வைத்தாள், சரசு நெய்யை ஊற்றினாள். புகை வந்தது, கண்ணீர் வந்தது, தீ மட்டும் வரவில்லை. ஒரு பெட்டிக் குச்சியும் காலி. முக்கால் மணி நேரம் கழித்து யாரோ மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். அந்த வாடை பொங்கலில் கடைசிவரை இருந்தது.

"கட்டை ஈரம்" என்றார்கள் எல்லாரும். "அவங்க என்ன செய்வாங்க, பாவம்."

நான் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தேன். அதே குச்சியை நான் உரசி, அது பற்றாமல் போயிருந்தால், இவர்கள் கட்டையையா குறை சொல்லியிருப்பார்கள்?

இந்த ஒரு கேள்வி என்னோடு ஆட்டோ ஏறி பெஹாலா வரை வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முடிவு செய்துவிட்டேன். அடுத்த பொங்கல் என் வீட்டு மொட்டை மாடியில், பொங்கலன்றைக்கே. அடுப்பைப் பற்றவைப்பவள் நான். முதல் குச்சியிலேயே பற்ற வேண்டும். ஒருத்தருக்கும் வாயைத் திறக்க இடம் கொடுக்கக் கூடாது.

ஒரு வாளி சாய்

இந்த ஊர் அடுப்போடு என் உறவு ஒரு அசட்டுத்தனத்தில்தான் தொடங்கியது. அதையும் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. பாத்திரம் தேய்க்கச் சாம்பல் தேவைப்பட்டது. எதிர்ச்சாரியில் பிகார்க்காரர் ஒருவர் நிலக்கரி அடுப்பில் டீ போடுவார். அடுப்புச் சாம்பலைக் கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுப்பார். சாம்பலுக்கு வங்காளியில் என்ன என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். 'சாய்'. அந்தச் 'சா'வை மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நம் நாக்குக்கு அது ஏது? நமக்கு இருப்பது ஒரே ஒரு 'ச'.

வாளியை நீட்டி, சாய் வேண்டும் என்றேன். அவர் காதில் அது இந்தி 'சாய்'யாக விழுந்தது. அதாவது டீ. எவ்வளவு என்று கேட்டார். வாளியின் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன்.

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இருந்ததிலேயே பெரிய கெட்டிலை அடுப்பில் ஏற்றினார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் கணவர் பார்த்தது ஒரு வாளி டீயையும், பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த புதுப் பெண்டாட்டியையும்தான். அவர் சிரிக்கவில்லை. தெருவில் போனவர் வந்தவர் எல்லாரையும் கூப்பிட்டு, "கல்யாண விருந்து" என்று டம்ளர் டம்ளராக முகந்து கொடுத்தார். எங்களுக்கு இந்தத் தெரு சொந்தமானது அன்றைக்குத்தான். அதன் பிறகு எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், "இப்ப ஒனக்கு என்ன வேணும், டீயா, சாம்பலா?" என்று கேட்பார். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும்.

அவருக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. தை பிறக்கும் முன்னே, உடைந்த மரப்பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். எங்கோ குளிர் தேசத்து மரம். தொட்டால் எரியும். என் கைராசி என்று ஊர் புகழ்ந்ததில் பாதி அந்தப் பலகையின் ராசி என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் போனதும் பலகையும் நின்றுபோனது. இனி பெஹாலா பஜாரில் பழக்கடைக்காரர்கள் வீசுகிற பெட்டிக் குச்சிகளும் ஈரக் கட்டையும்தான். அதில் முதல் குச்சியில் தீ பிடிக்க வேண்டுமென்றால் வேறு வழி பார்த்தாக வேண்டும்.

மாடியில் ஆராய்ச்சி

துர்கா பூஜை முடிந்து வெயில் இளைத்ததும் ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மாடி. ஒரு வாளி மணல், ஒரு நனைத்த சாக்கு, கையில் போன், எத்தனை நிமிஷம் எரிகிறது என்று பார்க்க. ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். எதையும் கடையில் வாங்கக் கூடாது. வீட்டில் கிடப்பதுதான். வாங்கின பொருளில் எரிந்தால் அது கடைக்காரனின் கெட்டிக்காரத்தனம்.

முதலில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். அதில் பாட்டரியை உரசினால் தீப்பொறி பறக்கும் என்று யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். என் நார் எவர்சில்வர் போலிருக்கிறது. பளபளவென்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பாட்டரியைக் கழற்றிக் கொடுத்த சுவர்க்கடிகாரம் நின்றுபோனதுதான் மிச்சம்.

பால் பாக்கெட் கவரை ஒரு தடவை கொளுத்திப் பார்த்தேன். கறுப்பாக உருகிச் சொட்டியது. கீழ் வீட்டு சிப்ராதி ஜன்னலைத் திறந்து, மாடியில் எந்தப் பிராணி செத்தது என்று கேட்டாள். அதோடு அதை விட்டேன்.

தேங்காய் நார் நல்ல பிள்ளை. பிரித்து உதறிக் காயவைத்தால் குச்சியைக் காட்டினதும் குபீரென்று பிடிக்கும். வங்காளிகள் பூஜைக்குச் சாம்பிராணித் தூபம் போடுவதும் இதில்தான். ஆனால் பிடித்த வேகத்திலேயே அணையும். குளிர்காலத்துக் கமலா ஆரஞ்சின் தோலைக் காயவைத்துப் போட்டால் அதிலுள்ள எண்ணெய் சீறிக்கொண்டு எரியும். அதுவும் கொஞ்ச நேரம்தான். அடுத்து, கரண்ட் அடிக்கடி போன காலத்தில் மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகள் மேஜை டிராயர் நிறையக் கிடந்தன. அவற்றை உருக்கி, சிப்ராதி கொடுத்த முட்டை அட்டையில் நாரை அடைத்து ஊற்றினேன். பத்து நிமிஷம் எரிந்தது. காற்றுக்கும் அசையவில்லை.

வென்றுவிட்டேன் என்று கீழே இறங்கும்போது பாதிப் படியில் நின்றுவிட்டேன். முட்டை அட்டை! எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. ஊரையே எதிர்க்கக் கிளம்பினவளுக்கு அந்த அட்டையை எதிர்க்கத் தெம்பில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் பரணில் இருந்த பையை இறக்கினேன். என் கணவர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். முதுகில் புண் வரக் கூடாதென்று தினமும் திருப்பிப் படுக்கவைத்து வாசலின் தடவுவேன். மிச்சமான பஞ்சுச் சுருள்கள், பாதி டப்பா வாசலின், அவர் கட்டி நைந்த வேட்டி, எல்லாம் அந்தப் பைக்குள். தூக்கிப் போட மனமில்லாமல் கட்டி மேலே ஏற்றியிருந்தேன்.

நடுவில் தேங்காய் நார். அதைச் சுற்றி வாசலினில் பிசைந்த பஞ்சு. மேலே வேட்டிக் கிழிசலில் ஒரு சுற்று. மெழுகில் ஒரு முக்கு. எலுமிச்சம்பழ அளவு உருண்டை. மாடியில், காற்றில் வைத்துக் கொளுத்தினேன். ஏழு நிமிஷம் நின்று எரிந்தது. அந்த வாசனை எனக்குப் பழக்கமான வாசனை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்துவிட்டு இன்னும் பதினோரு உருண்டை செய்தேன்.

திரைச்சீலை மாட்டும் குழாயில் ஒரு முழம் அறுத்து ஊதுகுழல் ஆக்கினேன். உடைந்த குடையின் கம்பி தணலைக் கிளற. பழைய கடுகெண்ணெய் டின்னைப் பிரித்து விரித்தால் காற்றுக்குத் தடுப்பு. தீரத் தீர உருண்டை பிடித்து, கார்த்திகை முடிவதற்குள் பதினாறு தடவை பற்றவைத்துப் பார்த்தேன். பதினாறும் முதல் குச்சியில்.

சிப்ராதியின் மீன்

மாடி எனக்கு மட்டும் சொந்தமில்லை, சிப்ராதிக்கும் பாதி. குளிர்காலத்தில் அவள் பருப்பு அரைத்து வடகம் மாதிரி 'போரி' கிள்ளிக் காயவைப்பாள். அதில் புகை படியும் என்று சொல்வாளோ என்று பயந்துதான் கேட்டேன்.

விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். வங்காளியில் அவள் சொன்னது இதுதான்: "என் புருஷன் காரியம் முடிந்து எல்லாரும் விரதம் முடிக்கிற விருந்து. உறவுக்காரர் அத்தனை பேர் இலையிலும் மீன் விழுகிறது. விதவைக்கு மீன் ஆகாதென்று என் இலையைத் தாண்டிப் போகிறார்கள். நான் எழுந்துபோய் வாளியிலிருந்து நானே ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவரைக் கொன்றது ஜுரம், மீன் இல்லையே?"

"யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னார்கள். முள் இருந்ததால் நான் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை."

அன்று முதல் அவள் என் கட்சி. வங்காளிகளின் பௌஷ சங்கராந்தியும் பொங்கலும் ஒட்டித்தான் வரும். என் அடுப்பு மிச்சத் தணலில் தானும் பிட்டே என்கிற அரிசி மாவுப் பலகாரம் சுடப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

சரசுவின் பயம்

மாடிப் பொங்கல் செய்தி சரசுவுக்கு எட்டியது. நான்தான் எட்டவைத்தேன். ஒளித்துச் செய்வதாக இருந்தால் காஸ் அடுப்பிலேயே செய்துவிட்டுப் போயிருப்பேனே.

"மதினி, நான் வந்து பத்த வச்சுத் தாரேன். அதுக்கு மேல நீங்களே எல்லாம் செய்யுங்க" என்றாள் போனில்.

"எதுக்கு? எனக்குக் கையில்லையா?"

"அப்படி இல்ல மதினி. நல்ல நாளும் அதுவுமா அடுப்பு அணைஞ்சு கிணைஞ்சு போச்சுன்னா..." நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இவுகளுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சு இன்னும் ஆறு மாசம்கூட ஆகல."

அவள் புருஷனுக்கும் என் அடுப்புக்கும் அவள் மனசுக்குள் ஒரு கயிறு கட்டியிருந்தாள். அதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"அணையாது. நீ வந்து பாரு" என்றேன்.

பொங்கல் காலை

பனி அப்படி ஒரு பனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. ஆறரை மணிக்குக் கோலம் போட்டு, செங்கலை அடுக்கி, டின் தடுப்பை நிறுத்தினேன். வெண்கலப் பானை, கோவிந்தபோக் அரிசி, பருப்பு, வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ப் பனிக்காலத்து நலேன் குட், ஈச்ச மரத்து வெல்லம். வருஷா வருஷம் அதுதான்.

சரசு பட்டுப்புடவையில் வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த கற்பூரப் பொட்டலம் எனக்குத் தெரிந்தது. சிப்ராதி ஸ்வெட்டரும் மப்ளருமாக ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு உருண்டைகளை வைத்து, ஆரஞ்சுத் தோலைத் தூவி, பழப்பெட்டிக் குச்சிகளைக் கூரை மாதிரி சாய்த்தேன். குச்சியை உரசினேன். பற்றியது. முதல் குச்சி. மஞ்சளாக எழுந்து நின்றது.

அங்கே நான் நிதானித்திருக்க வேண்டும். சின்னக் குச்சிகள் தணலாகும் வரை பொறுக்க வேண்டும், பதினாறு தடவை பொறுத்தவள்தான். ஆனால் சரசு நின்று பார்க்கிறாள். பெரிதாக எரிய வேண்டும், இப்போதே எரிய வேண்டும். கனமான கட்டையை எடுத்துக் குறுக்கே வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன். குச்சிக் கூரை சரிந்து உருண்டைகள் மேல் விழுந்தது. நெருப்புக்கு மூச்சு முட்டியது. புகை குபுகுபுவென்று வந்தது. ஊதினேன். வேகமாக ஊதினேன். சாம்பல் பறந்தது.

அணைந்துவிட்டது.

சரசுவின் கை தாலிக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டாள்.

இதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன், எழுதியே ஆக வேண்டும். அந்த நிமிஷம் நானும் அவள் தாலியைத்தான் பார்த்தேன். ஐயோ, அவள் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றுதான் நினைத்தேன். மைதானத்துப் பெண்கள் ஒருத்தரும் அங்கே இல்லை. அவர்கள் சொல்லக்கூடியதை எல்லாம் என் மனமே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் உருண்டை பிடித்தது எதற்கு? அணைந்தால் அபசகுனம் என்று நானும் நம்பியதால்தானே முதல் குச்சி, முதல் குச்சி என்று உயிரை விட்டேன்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சரசு மேல் இல்லை. என் மேல்.

"நிபே கேச்சே" என்றாள் சிப்ராதி, மோடாவை விட்டு அசையாமல். அணைந்துவிட்டதாம். "தோ? ஆபார் ஜாலாவோ." அதனால் என்ன, திரும்பக் கொளுத்து.

சரசு கண்ணைத் திறந்தாள். "கட்டை ஈரம்தான மதினி? கட்டை ஈரம்" என்றாள் அவசரமாக. என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"கட்டை நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டேன். அணைஞ்சு போச்சு, அவ்வளவுதான். திரும்பப் பத்த வைக்கேன்."

"கற்பூரம் இருக்கு மதினி, நான் வேணா..."

"தொடாத சரசு."

எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். கட்டை, குச்சி, கரி. மணலைத் தூவித் துடைத்தேன். புது உருண்டைகளை வைத்து, மறுபடியும் தோல், மறுபடியும் குச்சி. ஒரு தீக்குச்சி உடைந்தது. அடுத்தது பனியில் நமுத்துச் சீறி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. இந்த முறை நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அது பாட்டுக்கு எரிய விட்டேன். தணல் கட்டிய பிறகுதான் பெரிய கட்டையைத் தொட்டேன்.

பனி விலகிச் சூரியன் வந்தபோது பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மாடியில் புறாக்கள் கலைந்தன. சிப்ராதி உலு ஒலி எழுப்பினாள், அவர்கள் ஊர்க் குலவை. சரசுவும் பொங்கலோ பொங்கல் என்றாள், கொஞ்சம் மெதுவாக.

ஒரு கரண்டி வாங்கி நின்றபடியே சாப்பிட்டாள். அவள் புருஷனுக்கு டிபன் பாக்ஸில் வைக்கப் போனேன்.

"வேண்டாம் மதினி. இவுகளுக்கு இனிப்பு ஆகாது."

அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அவள் பயம் அவளோடு போகட்டும். சிப்ராதி தணலில் மண்சட்டியை ஏற்றிப் பிட்டே சுட ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"மதினி, பயப்படாதிய. அடுப்பு அணைஞ்சதை நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவள் எனக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியாக நினைத்துத்தான் அதைச் சொன்னாள். அவள் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது.

"சொல்லு சரசு. ஞாயித்துக்கிழமை மைதானத்துல எல்லார்ட்டயும் சொல்லு. அணைஞ்சது, திரும்பப் பத்த வச்சேன், பொங்கிச்சு. மூணையும் சேத்துச் சொல்லு."

"சரி மதினி" என்றாள்.

அவள் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் நானே இங்கே எழுதிவிட்டேன்.